திருத்தூதருக்குக் கஞ்சி வார்த்த பெண்

ஜனவரி மாதம் 16ஆம் நாள், இலங்கையின் திருத்தூதர் எனப் போற்றப்படும் புனித யோசவ்வாஸ் அடிகளாரின் திருவிழாவைத் திருச்சபை சிறப்பிக்கின்றது. தைப்பொங்கலின் ஆரவாரம் ஓய்ந்தும் ஓயாத வேளையில் வருவதாலோ என்னவோ, எமது இல்லங்கள் பலவற்றில் இத்திருநாள் சற்று மங்கலாகவே கடந்து செல்கின்றது. நான்கு நாள்கள் கழித்து வரும் புனித செபஸ்தியாரின் திருவிழாவுக்குக் கொடியேற்றி, நவநாள் நோற்று, திருச்சொரூபப் பவனி நடத்துவதில் எமக்கிருக்கும் ஆர்வம் போற்றுதற்குரியது. ஆனால் எமது மண்ணில் வெறுங்காலுடன் நடந்து, எமது மொழியைக் கற்று, எமது முன்னோரின் படலைகளில் பிச்சைக்காரராய் வந்து நின்ற புனிதரை மட்டும் தொலைதூரத்து விருந்தினர் போல் நடத்தி வருகின்றோமோ என எண்ணத் தோன்றுகின்றது.

1995ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இவரை அருளாளராக அறிவித்தார். இருபது ஆண்டுகளின் பின், 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், அதே திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் இவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். இலங்கைத் திருநாட்டுக்குக் கிடைத்த முதற் புனிதர் இவரே. அன்று பிற்பகலிலேயே திருத்தந்தை மடு அன்னையின் திருத்தலத்தை வந்தடைந்ததையும், போரினால் பிள்ளைகளை இழந்த பெற்றோர் அங்கே கண்ணீரோடு நின்றதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அடிகளாரின் வரலாற்றை இப்பகுதியில் பலரும் பலமுறை எழுதியுள்ளனர். அதனை முழுமையாக மீண்டும் சொல்வது இன்று எனது நோக்கமன்று. அவ்வரலாற்றின் ஓரத்தில், இரண்டொரு வரிகளில் வந்து மறைந்துவிடும் ஒரு பெண்ணைப் பற்றியே இம்முறை எழுத விழைகின்றேன். அவளது பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை. அவள் யாழ்ப்பாணத்தவள், நோயுற்றுக் கிடந்த ஓர் அந்நியருக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவள். இவ்வளவே அவளைப் பற்றி நாம் அறிவது.

அவளது செயலின் பெறுமதியை உணர்வதற்கு அக்காலத்தை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். 1656இல் கொழும்பும், 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தரின் கைக்கு மாறின. கல்வின் கொள்கையைத் தழுவிய ஒல்லாந்தர், கத்தோலிக்க மறையைத் தமது பகைவரின் மறையாகவே கண்டனர். குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். ஆலயங்கள் பறிக்கப்பட்டுச் சீர்திருத்தச் சபையின் வழிபாட்டு மனைகளாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன. கத்தோலிக்கக் குரு ஒருவருக்குப் புகலிடம் அளித்தல் மரணதண்டனைக்குரிய குற்றம் என 1658ஆம் ஆண்டிலேயே கட்டளை பிறந்தது. அன்றிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எமது மக்கள் குருவின்றி வாழ்ந்தார்கள்.

முப்பது ஆண்டுகள் என்பது வெறும் எண் அன்று. யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமான ஆண்டிலே பிறந்த குழந்தை ஒன்று வளர்ந்து, மணமுடித்து, தானே தாயாகும் வரையில் ஒருமுறையேனும் திருப்பலியைக் கண்டிராது; பாவசங்கீர்த்தனம் என்ற சொல்லைப் பாட்டியின் வாயிலிருந்து மட்டுமே கேட்டிருக்கும். மறுபுறத்தில், ஒல்லாந்தரின் பாடசாலைத் தோம்பிலே திருமுழுக்கும் திருமணமும் பதியப்படாவிடின் அரச உத்தியோகம் இல்லை, சொத்துரிமையும் சிக்கலுக்குள்ளாகும். ஆகவே பலர் பகலில் சீர்திருத்தச் சபையின் போதனைக்குச் சென்று வந்து, இரவில் கதவை அடைத்துக்கொண்டு செபமாலை சொன்னார்கள். இதனைக் கோழைத்தனம் என்று எளிதிற் கூறிவிடலாம். எனக்கு அவ்வாறு கூற மனம் வரவில்லை. குருவும் இல்லை, கோவிலும் இல்லை, நூலும் இல்லை என்ற நிலையில், ஒரு வீட்டின் கூரைக்குள்ளே விசுவாசம் முப்பது ஆண்டுகள் அணையாமற் காக்கப்பட்டது. அதனைக் காத்தவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் பாட்டிமாருமே என்று நினைப்பதில் தவறிராது.

இச்செய்தி கடல் கடந்து கோவாவை எட்டியபோது, அங்கே ஓர் இளங்குருவின் இதயம் கலங்கிற்று. 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவின் பெனோலிம் என்னும் ஊரிலே, கொங்கணப் பிராமண மரபில் வந்த கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தவர் யோசவ்வாஸ். 1676ஆம் ஆண்டு குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அடுத்த ஆண்டு, ஆகஸ்ட் 5ஆம் நாள், தம்மை அன்னை மரியாவின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். பக்தி மிகுதியில் எழுதப்பட்ட அழகிய வாசகம் என்று இதனை நாம் கடந்து சென்றுவிடலாகாது. மனிதரை மனிதர் விலைக்கு வாங்கி, ஓலையிலும் தாளிலும் பதிந்து வைத்த காலம் அது. அடிமை என்றால் என்னவென்று அன்று எழுதியவருக்கும் தெரியும், வாசித்தவருக்கும் தெரியும். சாதியால் உயர்ந்தவர் எனக் கருதப்பட்ட ஒருவர் அச்சொல்லைத் தமக்கே எழுதிக்கொண்டார்.

இலங்கைக்குச் செல்ல அவர் கேட்டபோது அனுமதி உடனே கிட்டவில்லை. கன்னடக் கரையோரத்துக்கு அதிபர் குருவாக அனுப்பப்பட்டு, 1681இலிருந்து 1684 வரை அங்கு பணியாற்றினார். பின்னர் கோவாவிலே புனித பிலிப்பு நேரியாரின் முறைமையைத் தழுவிய ஒரத்தோரியன் சபை 1685இல் உருவானபோது அதன் தலைவரானார். தலைமைப் பொறுப்பு அவரைக் கட்டிப்போடவில்லை. 1686இல் அப்பொறுப்பைத் துறந்து, யோவான் என்ற பணியாளருடன் தெற்கு நோக்கிப் புறப்பட்டார்.

தூத்துக்குடியும் அப்போது ஒல்லாந்தரின் பிடியிலேயே இருந்தது. குருவின் உடையிலே தோணி ஏறுவது இயலாத காரியம். அடிகளார் இடுப்பிலே ஒரு துண்டுடன், கூலியாளின் கோலத்தில், 1687ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் இறுதியில் கடலைக் கடந்தார். நிறத்தாலும் தோற்றத்தாலும் எம்மில் ஒருவரைப் போன்றிருந்த கோவா நாட்டுக் குருவுக்கே இது கைகூடியது. ஐரோப்பியக் குருக்களுக்கு இவ்வழி அடைபட்டிருந்தது. எமது நாட்டிலே மறையை மீட்டெடுக்க இறைவன் கப்பலையும் பீரங்கியையும் தேடவில்லை என்பதை, கிறிஸ்தவத்தை அந்நிய ஆட்சியின் எச்சமாகவே காண்போருக்கு நாம் அடக்கத்தோடும் தயக்கமின்றியும் எடுத்துச் சொல்லலாம்.

அலைக்கழிக்கப்பட்ட கடற்பயணமும் பட்டினியும் அவரது உடலை உருக்குலைத்துவிட்டன. யாழ்ப்பாணம் வந்து சேர்ந்ததும் கடுமையான வயிற்றுக்கடுப்பு நோய் அவரைப் பற்றிக்கொண்டது, யோவானும் நோயுற்றார். தொற்றிவிடும் என்ற அச்சத்தினால் மக்கள் அவர்களை விலக்கினார்கள். போவதற்கு வீடில்லை, தெரிந்த முகமில்லை, தாம் யாரென்று வாய்திறந்து சொல்லவும் வழியில்லை. நாடு முழுவதற்கும் அருளடையாளங்களைக் கொண்டுவந்த குருவானவர், ஒதுக்கப்பட்ட நோயாளியாய்க் கிடந்தார். அவ்வேளையிலேதான் அப்பெண் கஞ்சியுடன் வருகின்றாள்.

அவள் கத்தோலிக்கப் பெண்ணா, சைவப் பெண்ணா என்பதைப் பற்றி நான் அறுதியிட்டுக் கூற முற்படவில்லை. ஒன்று தெளிவு: தான் யாருக்கு ஊட்டுகின்றோம் என்று அவளுக்குத் தெரியாது. முப்பது ஆண்டுகள் ஒரு நாடு காத்திருந்த குரு தன் முன்னே கிடக்கின்றார் என்பது அவளுக்குத் தெரியாது. அவளது கண்ணுக்குத் தெரிந்தவர்கள் நாற்றமெடுக்கும் நோயில் கிடந்த இரு பரதேசிக் கூலிகள். அத்தகையோருக்கு அக்காலத்து யாழ்ப்பாணத்தில் எவரும் பாத்திரம் கொடுக்கவே கூசியிருப்பர். எத்தனை நாள்கள் அவள் வந்தாளோ, வீட்டார் அதற்கு என்ன சொன்னார்களோ! அக்கஞ்சியால் அடிகளார் பிழைத்தெழுந்தார் என்பதை அவரது வாழ்க்கையை எழுதியோர் நன்றியுடன் குறித்துள்ளனர்.

இறைவாக்கினர் எலியாவை நினைத்துப் பாருங்கள். பஞ்ச காலத்தில் ஆண்டவர் அவரை அனுப்பியது அரண்மனைக்கன்று. சாரிபாத்து என்னும் புறவினத்தார் ஊரிலே, கடைசிக் கைப்பிடி மாவையும் கலயத்தின் அடியில் எஞ்சிய எண்ணெயையும் வைத்துக்கொண்டு சாவை எதிர்பார்த்திருந்த ஒரு கைம்பெண்ணிடமே அனுப்பினார். எலியா அவளுக்கு எதையும் கொடுப்பதற்கு முன்னர் அவளிடம் தண்ணீர் கேட்கின்றார், அப்பம் கேட்கின்றார். ஆண்டவர் இயேசுவும் சமாரியப் பெண்ணிடம் வாழ்வளிக்கும் தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர், தமது தாகத்துக்குத் தண்ணீர் கேட்கின்றார். எழுபத்திரண்டு சீடரை அவர் அனுப்பியபோது பணப்பையைக் கொண்டுபோக வேண்டாம் எனத் தடுத்து, வரவேற்கும் வீட்டார் கொடுப்பதை உண்ணுமாறு பணித்தார். அனுப்பப்பட்டவர் முதலில் பெறுபவராக இருத்தல் வேண்டும் என்பது நற்செய்தியின் ஒழுங்கு. குருத்துவக் கல்லூரியில் நாங்கள் எழுபத்திரண்டு சீடரின் பகுதியைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டுக் கற்றோம். ஆனால் பங்கிலே, கையில் அதிகமில்லாத வீடொன்றில் அம்மா ஒருவர் வற்புறுத்தி ஊற்றித் தரும் தேநீரை மறுக்காமல் வாங்கிக் குடிக்கும்போதே அப்பகுதி விளங்கத் தொடங்குகின்றது என்பது எனது எண்ணம்.

குணமடைந்த அடிகளார், மறைந்து வாழும் கத்தோலிக்கரைத் தேடிப் புறப்பட்டார். யாரிடம் கேட்பது? கேட்பவரே ஒற்றராக இருக்கலாம். ஆகவே செபமாலை ஒன்றைக் கழுத்திலே வெளித்தெரிய அணிந்துகொண்டு, வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். பிச்சை இடுபவரின் கண்கள் கையை நோக்குகின்றனவா, கழுத்தை நோக்குகின்றனவா என்பதையே அவர் கவனித்தார். தமிழ் வீட்டின் படலையிலே ஒருவர் வந்து நிற்பதும், உள்ளிருந்து பெண் ஒருத்தி அரிசியோ சோறோ கொண்டு வருவதும் அன்றாடக் காட்சி. அக்காட்சியின் நடுவிலே, ஒரு கணம், இரு சாராரும் ஒருவரை ஒருவர் எடைபோட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தால் வீட்டின் இரகசியம் வெளிப்பட்டுவிடும். மலர்ந்த முகத்தைக் கண்டு, தாம் குரு என்று சொன்னால் அவரது உயிர் அந்த வீட்டாரின் கையில். இறுதியிலே அவரை இனங்கண்டு கொண்ட கத்தோலிக்கர்கள், பண்டத்தரிப்பை அடுத்துள்ள சில்லாலைக்கு அவரை அழைத்துச் சென்றனர். விசுவாசத்திலே உறுதிகொண்டிருந்த அக்கிராமம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவரை ஒளித்து வைத்துக் காத்தது.

பகலில் ஒளிந்திருந்து இரவிலே பணியாற்றினார். கதவடைத்த வீடுகளுக்குள் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். ஆண்டுக்கணக்காகச் சுமந்த பாவங்களை அறிக்கையிட்டோருக்கு மன்னிப்பு வழங்கினார். பொழுது விடியுமுன் வேறிடம் சென்றார். இவை நெடுநாள் மறைந்திருக்கக் கூடியவை அல்ல. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே, வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றி வளைத்தனர். அடிகளார் தப்பினார், மக்கள் தப்பவில்லை. பலர் சிறைபிடிக்கப்பட்டார்கள், கசையடி பட்டார்கள், அதனால் உயிர் துறந்தவரும் உண்டு. அடிகளாரின் திருவிழாவன்று இவர்களையும் நினைவுகூர்தல் எமது கடன் அல்லவா? கதவைத் திறந்ததற்கான விலையைச் செலுத்தியவர்கள் இவர்களே.

யாழ்ப்பாணத்திலிருந்தால் மக்களுக்கு மேலும் துன்பம் நேரும் என்றாயிற்று. 1690இல் கண்டி அரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்துக்குச் சென்ற அடிகளார், 1692இல் கண்டி மாநகரை அடைந்தார். அங்கே அவரை எதிர்கொண்டதும் சிறையே. அரண்மனையில் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சு நாட்டுக் கல்வினியர் ஒருவர், வருகின்றவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனிடம் கோள்மூட்டியிருந்தார். சிறையிலே அடிகளார் சிங்களம் கற்றார். காவல் தளர்ந்தபோதும் தப்பியோட முயலவில்லை. சிறிய கொட்டில் ஒன்றை அமைத்து வழிபாடு நடத்தினார். காலப்போக்கில் மன்னனின் ஐயம் நீங்கி நன்மதிப்பாக மாறிற்று.

கண்டியை வரட்சி வாட்டிய காலத்தில், மன்னனின் வேண்டுகோளுக்கிணங்க அடிகளார் சதுக்கத்திலே சிலுவையை நாட்டி மன்றாடியதையும் பெருமழை பொழிந்ததையும் அனைவரும் அறிவர். ஓவியர்களும் நாடகக் குழுவினரும் இக்காட்சியையே விரும்புவர். மேடையிலே இடியும் மின்னலும் எழுப்ப வசதியானது. மழையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அடிகளாரின் தூய்மைக்கு இதனினும் பெரிய சான்றாக நான் கருதுவது 1697இல் நிகழ்ந்தது.

அவ்வாண்டு கண்டியிலே பெரியம்மை நோய் பரவியது. மன்னனும் பிரபுக்களும் தலைநகரை விட்டு நீங்கினர். நோய் கண்டவர்களைச் சொந்த வீட்டாரே காடுகளிற் கொண்டுபோய் விட்டுச் சென்றனர். இறந்தோரை அடக்கம் செய்யவும் ஆளில்லை. அடிகளாரும், அவருக்குத் துணையாக முன்னாண்டிலே கோவாவிலிருந்து வந்திருந்த அவரது உறவினரான யோசப் கார்வாலியோ அடிகளாரும் அவ்விடத்தை விட்டு அசையவில்லை. ஏறத்தாழ ஓராண்டு காலம் அவர்கள் காடுகளிலும் குடிசைகளிலும் கிடந்தோரைத் தேடிச் சென்றார்கள், கொட்டில்கள் அமைத்துக் கிடத்தினார்கள், புண்களைக் கழுவினார்கள், உணவூட்டினார்கள், மரித்தோருக்குத் தம் கைகளாலேயே குழி வெட்டினார்கள். நோயாளர் பௌத்தரா கத்தோலிக்கரா என்று அவர்கள் கேட்கவில்லை. அம்மை கண்டவரின் வாயிலே எமது நாட்டில் எதை ஊற்றுவார்கள் என்பதை எந்தத் தாயும் அறிவாள். அதனை நான் விளக்க வேண்டியதில்லை.

1687இல் தொற்றுக்கு அஞ்சி ஒதுக்கப்பட்டு யாழ்ப்பாண மண்ணிலே கிடந்தவர், 1697இல் தொற்றுக்கு அஞ்சி ஒதுக்கப்பட்டவர்களிடையே கண்டிக் காட்டிலே குனிந்து நிற்கின்றார். இடையிலே கழிந்தவை பத்தே ஆண்டுகள். மறைவல்லுநர்கள் இதனை எவ்வாறு விளக்குவார்களோ அறியேன். எனக்கோ அப்பெண்ணின் கையிலிருந்த பாத்திரம் அடிகளாரின் கைக்கு மாறியதாகவே தோன்றுகின்றது. அவர் கோவாவிலே கற்ற மெய்யியலும் இறையியலும் பயனுள்ளவையே. எனினும் கைவிடப்பட்டவனின் பக்கத்தில் ஒருவர் வந்து அமர்வது எத்தகைய அருள் என்பதை அவருக்குக் கற்பித்தது எந்தப் பேராசிரியருமல்லர்.

இவரைப் புனிதராக்கும் பணி நிறைவுற்றபோது, வழமையாகத் தேவைப்படும் இரண்டாவது புதுமையைக் கோராமலே திருத்தந்தை பிரான்சிஸ் 2014 செப்டெம்பரில் தமது இசைவை அளித்தார். சிலர் அன்று இதனைக் குறையாகப் பேசியதுண்டு. சமய எல்லைகளைக் கடந்து துன்புற்ற எவருக்கும் பணிபுரிந்த வாழ்வைத் திருத்தந்தை காலிமுகத்திடல் மறையுரையிலே எடுத்துக்காட்டியதைக் கேட்டவர்கள் அக்குறையை மறந்திருப்பர்.

அன்புக்குரிய குடும்பங்களே, கண்டிக் காடுகள் எமக்கு அத்தனை தொலைவில் இல்லை. 2020இலும் 2021இலும் கொள்ளை நோய் எமது நாட்டைச் சூழ்ந்தபோது, சுகாதாரத் திணைக்களத்தின் அறிவித்தல் ஒட்டப்பட்ட கதவுகளை நாம் கண்டோம். ஒரே வேலியைப் பகிர்ந்து வாழ்ந்த அயலவர் அவ்வழியாற் செல்லாது சுற்றிச் சென்றதையும் கண்டோம். அவ்வேளையிலும் படலையிலே சாப்பாட்டுப் பொதியைக் கொழுவிவிட்டு, குரல் கொடுத்துச் சென்ற பெண்கள் இருந்தார்கள். நோய்க்கு அஞ்சுதல் பாவமன்று. மருத்துவர் விதித்த ஒழுங்கைக் காத்தல் கடமை. அஞ்சியவாறே கஞ்சி கொண்டு வருதலும் இயலும் என்பதை அவர்கள் காட்டினார்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். முதல் வெள்ளிதோறும் நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்லும் பங்குத்தந்தையர் நன்கறிந்த காட்சி இது. வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த மாடி வீடு, பளிங்குத் தரை, பூட்டிய அறைகள், முன்விறாந்தையில் கட்டிலொன்றிலே தனித்த ஒரு தாய். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் பாரிசிலும். அவர்கள் அன்பற்றவர்கள் அல்லர். போரும் வறுமையும் துரத்தியபோது இத்தாயே தன் தாலிக்கொடியை அடகுவைத்து அவர்களை அனுப்பினாள். நாள்தோறும் தொலைபேசித் திரையிலே முகம் காட்டுகின்றார்கள். மருந்துக்கும் பணியாளுக்கும் தவறாது பணம் அனுப்புகின்றார்கள். ஆனால் பணியாள் வராத நாளிலே கஞ்சி வார்க்க யாருமில்லை. குரு நற்கருணையைக் கொடுத்துவிட்டுப் புறப்பட எழும்போது, “பாதர், கொஞ்சம் இருந்துவிட்டுப் போங்கோவன்” என்ற குரலைப் புறக்கணித்து வர எவருக்கும் மனம் வராது. அடுத்த வீட்டில் செபமாலை சொல்லி முடிக்கும் சத்தம் வேலிக்கு மேலாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

பிள்ளைகளைக் குற்றஞ்சாட்டுதல் எளிது, அதில் பயனில்லை. கேள்வி வேலிக்கு இப்பாலுள்ள எம்மிடமே எழுகின்றது. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு அடிகளார் உறவினரா? ஊரவரா? அவளுக்கும் வீட்டிலே அடுப்பு இருந்திருக்கும், பிள்ளைகள் இருந்திருப்பர், தொற்றிவிடுமே என்ற பயமும் இருந்திருக்கும். எமது அன்பியக் கூட்டங்களிலே இறைவார்த்தையைப் பகிர்ந்து, பாடல் பாடி, தேநீர் அருந்திக் கலைகின்றோமே. அவ்வன்பியத்தின் எல்லைக்குள்ளே நடக்க இயலாது படுத்திருப்போர் எத்தனை பேர், அவர்களில் எவருக்கு இராச்சாப்பாடு இல்லை என்பதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கின்றோமா? சைவ வீட்டுப் பாட்டியின் பெயரும் அத்தாளில் இடம்பெறுமா?

அடிகளார் ஆயராக உயர்த்தப்படும் வாய்ப்பு வந்தபோது அதனை ஏற்க மறுத்து, எளிய மறைபரப்பாளராகவே இருந்தார். கொச்சி ஆயரின் அதிகாரத்தின்கீழ் இந்நாட்டுத் திருச்சபையின் பொறுப்பைச் சுமந்தபோதும் கால்நடையாகவே ஊர்களுக்குச் சென்றார். கோவாவிலிருந்து வந்த துணைக்குருக்களை நாடெங்கும் பணியமர்த்தினார். அவர்களுள் 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றினார். தவக்காலத்தில் எமது ஆலயங்களில் உருக்கத்தோடு பாடப்படும் வியாகுலப் பிரசங்கம் அவருடையதே. எமது மூப்பரும் அண்ணாவிமாரும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த அந்த இராகங்களுக்குப் பின்னாலும் வாஸ் அடிகளாரின் உழைப்பு இருக்கின்றது.

1710இல் மேற்கொண்ட பயணமொன்றின்போது அடிகளாரின் உடல்நலம் பெரிதும் குன்றியது. கண்டிக்குத் திரும்பியபின் மீண்டும் நலம்பெறவில்லை. இம்முறை அவர் தனிமையிற் கிடக்கவில்லை. உடன்பணியாளரான குருக்கள் அவரது படுக்கையைச் சூழ்ந்திருந்தனர். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு அறுபது வயதுகூட நிறையவில்லை. கோவாவை விட்டுப் புறப்பட்ட நாளிலிருந்து ஒருமுறையேனும் அவர் தாயகம் திரும்பியதில்லை.

கண்டியிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். பிற்காலத்தில் எழுந்த கலகங்களில் அங்கிருந்த கோவில் அழிந்துபோயிற்று. அவரது கல்லறை எவ்விடத்தில் இருந்தது என்பதை இன்று எவராலும் காட்ட முடியாது. வேறு புனிதர்களுக்கு உள்ளதைப் போல், பூ வைத்து மெழுகுதிரி ஏற்றி முழந்தாளிடக் கூடிய ஒரு கல்லறை இவருக்கு இல்லை. திருவிழாவன்று எங்கே செல்வது என்று கேட்போருக்கு நான் சொல்வதெல்லாம் இதுவே: காலையில் உங்கள் பங்கு ஆலயத்தில் திருப்பலி, மாலையில், அயலிலே படுத்திருப்பவரின் வீடு. போகும்போது கையிலே கொஞ்சம் கஞ்சி இருக்கட்டும்.

புனித யோசவ்வாஸ் அடிகளாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.